நீர்ச்சறுக்குக்கும் குடும்பத்துக்கும் ஒரே படகு: பழையதை வாங்கும்போது எங்கே பார்க்க வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கணவன் மனைவி இருவருமே நீர்ச்சறுக்கு பழகியவர்கள். பத்து வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பிள்ளைகள். பெரும்பாலும் ஏரி, எப்போதாவது உப்புநீர்க் கழிமுகம். இரண்டு பழைய படகுகள் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்று 1990களின் நடுவில் வந்த டைரக்ட் டிரைவ் (இன்ஜின் நடுவில் இருக்கும் வகை) ஸ்கீ படகு, இன்ஜின் 900 மணி நேரம் ஓடியிருக்கிறது. இன்னொன்று அதைவிடப் பத்து வருடம் புதிய, ஸ்டெர்ன் டிரைவ் (இன்ஜின் பின்கோடியில் இருக்கும் வகை) வைத்த, முன்பக்கம் திறந்த பௌரைடர், வெறும் 250 மணி நேரம். விலை ஏறக்குறைய ஒன்றுதான். "புதியதாகவும் குறைவாக ஓடியதாகவும் இருப்பதை எடுப்பதுதானே புத்திசாலித்தனம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த 250 மணி நேரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். இருபது வருடத்தில் 250 மணி நேரம் என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். அதாவது அந்தப் படகு வாழ்நாள் முழுக்கச் சும்மா நின்றிருக்கிறது. நிற்கிற படகில் ரப்பர் காய்ந்து வெடிக்கும், டேங்கில் பழைய பெட்ரோல் பிசினாகும், மழைநீர் உள்ளே தேங்கும். மற்றதோ வருடத்துக்கு முப்பது மணி நேரம் ஓடியிருக்கிறது. யாரோ அதை ஆசையாக வைத்து ஓட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒழுங்காக ஆயில் மாற்றிய பெட்ரோல் இன்போர்டு (படகுக்குள்ளேயே இருக்கும்) இன்ஜின் 1500 மணி நேரத்தைத் தாண்டியும் நன்றாக ஓடும். அதனால் மீட்டரில் உள்ள எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். பழைய படகில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் எங்கே புகுந்தது, எங்கே தங்கியது. படகைக் கொல்வது வயது இல்லை, உள்ளே தங்கிய தண்ணீர். கீழே நான் சொல்லப்போகிற சோதனைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே கேள்விக்கு விடை தேடுவதுதான்.

அதற்கு முன்னால், எந்த வகைப் படகு உங்களுக்குத் தோதானது என்று பார்த்துவிடலாம்.

டைரக்ட் டிரைவ் படகில் இன்ஜின் நட்டநடுவில் ஒரு பெட்டிக்குள் இருக்கும். அதிலிருந்து ஷாஃப்ட் என்கிற சுழல்தண்டு பின்பக்கமாகச் சாய்ந்து கீழே போய், படகின் அடியில் உள்ள புரொப்பல்லரைச் சுற்றும். எடை நடுவில் இருப்பதால் பின்னால் எழும் அலை சின்னதாக, மெத்தென்று இருக்கும். ஒற்றை ஸ்கீயில் அலையைக் குறுக்கே வெட்டிப் போகிறவருக்கு இதன் அருமை தெரியும். கயிறு கட்டும் கம்பமும், அதாவது பைலானும், நடுவிலேயே நிற்கும். சறுக்குபவர் எவ்வளவு பலமாக ஒரு பக்கம் இழுத்தாலும் படகின் வால் அசையாது. அடியில் துடுப்பு போன்ற சிறு தகடுகளும் இருப்பதால் படகு கோடு போட்டது போல நேராகப் போகும். போட்டிகளில் ஆண்கள் ஸ்லாலம் (மிதவைகளைச் சுற்றி வளைந்து வளைந்து சறுக்குவது) ஓடும் உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர். அந்த வேகத்தில் அலுங்காமல் இழுப்பதற்காகவே வடிவமைத்த படகு இது.

இதற்கு ஈடாகச் சிலவற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். நடுவில் இன்ஜின் பெட்டி உட்கார்ந்திருப்பதால் உள்ளே இடம் இரண்டாகப் பிரிந்துவிடும். பக்கச் சுவர் தாழ்வு. காற்றடித்து ஏரி குதித்தால் எல்லோரும் நனைவீர்கள். ரிவர்ஸில் நீங்கள் சொன்ன பேச்சைக் கேட்காது, எப்போதும் ஒரே பக்கமாக ஒதுங்கும். படகுத்துறையில் நிறுத்தப் பழக நாலைந்து நாளாவது ஆகும். புரொப்பல்லரைத் தூக்க முடியாது என்பதால் ஆழமில்லாத மணற்கரைக்குப் போகும்போது கவனம் தேவை.

ஸ்டெர்ன் டிரைவில் கார் இன்ஜின் போன்ற ஒன்று படகின் பின்கோடியில் உள்ளே இருக்கும். டிரைவ் மட்டும் வெளியே தொங்கும், அதை ஏற்றி இறக்கலாம். பௌரைடர் என்றால் முன்பக்கமும் திறந்து, அங்கேயும் இருக்கை போட்ட படகு. பிள்ளைகளுக்கு அந்த முன் இருக்கைதான் சொர்க்கம். இடம் தாராளம், அலையை நன்றாகத் தாங்கும், துறையில் நிறுத்துவது சுலபம், பெட்ரோலும் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும். ஆனால் எடை பின்னால் இருப்பதால் அலை பெரிதாக எழும். கயிற்றைப் பின்பலகையில் உள்ள வளையத்தில் கட்டுவதால், எடையுள்ள ஆள் பக்கவாட்டில் இழுக்கும்போது படகின் பின்புறமும் கூடவே இழுபடும். இரண்டு ஸ்கீயில் போகிறவருக்கும் ட்யூபில் உட்கார்ந்து போகிற பிள்ளைகளுக்கும் இது ஒரு குறையே இல்லை.

வி-டிரைவ், அவுட்போர்டு இரண்டையும் பற்றி ஒரு வரி. வி-டிரைவில் இன்ஜின் படகுக்குள் பின்பக்கம் இருக்கும்; பெரிய அலை வேண்டும் என்கிற வேக்போர்டுக்காரர்களுக்கானது (ஒற்றைப் பலகையில் அலைமேல் துள்ளுபவர்கள்), சறுக்குக்காக அதைத் தேட வேண்டாம். நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது இன்ஜின் முழுவதும் பின்னால் வெளியே மாட்டிய பௌரைடர் கிடைத்தால் மட்டும் தைரியமாகப் பாருங்கள். உப்புநீரில் அடிக்கடி ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் பராமரிக்கச் சுலபம்.

பிள்ளைகள் விஷயத்தில் டைரக்ட் டிரைவுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. பைலானில் மாட்டி, படகின் பக்கவாட்டில் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி உண்டு, பூம் என்பார்கள். சறுக்கப் பழகும் குழந்தை கயிற்றுக்குப் பதில் இந்தக் கம்பியையே பிடித்துக்கொண்டு எழும். படகுக்குள் இருக்கும் அப்பாவோ அம்மாவோ பக்கத்திலேயே இருப்பார்கள். "முழங்காலை மடக்கு, கையை நீட்டியே வை" என்று சாதாரணக் குரலில் சொன்னால் போதும். 23 மீட்டர் கயிற்றின் மறுமுனையில் தனியாக மிதந்துகொண்டு, இன்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்காமல், நாலு தடவை தண்ணீர் குடித்துவிட்டு "இனிமேல் வேண்டாம்" என்று அழும் குழந்தைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதே குழந்தை பூமில் அன்றே எழுந்து நிற்கும். உங்கள் ஏழு வயதுக் குழந்தைக்காகவாவது இதைக் கணக்கில் எடுங்கள்.

சரி, இனி சோதனைக்கு வருவோம்.

ஃபைபர் படகு என்றால் மரமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பழைய படகுகள் பலவற்றில் அடித்தளத்தைத் தாங்கும் நீளவாட்டுக் கட்டைகளும், தரைப்பலகையும், பின்பலகையின் உட்பகுதியும் மரம்தான், மேலே ஃபைபர் போர்த்தியிருப்பார்கள். ஏதோ ஒரு திருகு ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. மரம் பல வருடம் ஊறி ஊறி உளுத்துப்போகும், வெளியே பளபளப்பு மட்டும் அப்படியே இருக்கும். 1990களில் ஸ்கீ படகு நிறுவனங்கள் பல மரத்தை விட்டு முழு ஃபைபருக்கு மாறின. நீங்கள் பார்த்த படகு அந்த மாற்றத்துக்கு முந்தையதா பிந்தையதா என்பதை மாடலையும் வருடத்தையும் வைத்து முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முழு ஃபைபர் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது.

என் முதல் படகில் நான் பட்டது இதுதான். தரை முழுக்கப் புத்தம்புதுக் கார்ப்பெட் போட்டிருந்தார் விற்றவர். எவ்வளவு அக்கறையாக வைத்திருக்கிறார் என்று மனம் குளிர்ந்து வாங்கினேன். மூன்றே மாதத்தில் இன்ஜின் அதிர ஆரம்பித்தது. இன்ஜினைக் கட்டையோடு பிடித்திருக்கும் பெரிய போல்ட்டை இறுக்கப் போனால், அது பிடிமானமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. தரையை அறுத்துப் பார்த்தபோது கட்டை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஊறிய மரத்தூள், கைநிறைய அள்ள வந்தது, பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. அந்த சீசன் முழுக்கப் படகு பட்டறையில் கிடந்தது. அன்றிலிருந்து பழைய படகில் புதுக் கார்ப்பெட்டைக் கண்டாலே ஓரத்தைத் தூக்கிப் பார்க்காமல் நகர்வதில்லை.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலில் முழு எடையையும் வைத்துத் தரையில் அங்குலம் அங்குலமாக நடங்கள். இன்ஜின் பெட்டியைச் சுற்றி, பின் இருக்கைக்கு முன்னால், ஸ்கீ வைக்கும் அறையின் விளிம்பு, இந்த மூன்று இடங்களில் கூடுதல் கவனம். எங்காவது பஞ்சு போல அமுங்கினால் கீழே உளுத்துவிட்டது என்று பொருள். பின்பலகையை ஒரு சிறு சுத்தியலின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக்' என்று கெட்டியான சத்தம், கெட்ட இடத்தில் பொத்தென்று அடங்கிய சத்தம். தேங்காயைத் தட்டிப் பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும். இன்ஜினைத் தாங்கும் போல்ட் ஒன்றில் ஸ்பேனரை மாட்டி லேசாக இறுக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். கட்டை நன்றாக இருந்தால் போல்ட் கெட்டியாக நிற்கும். அனுமதி தர மறுக்கிறார் என்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். மேல்பூச்சில் சிலந்திவலை போன்ற நுண்ணிய விரிசல்கள் அங்கங்கே இருப்பது சகஜம். ஒரே இடத்தைச் சுற்றி நட்சத்திரம் போல விரிந்திருந்தால் அங்கே அடி வாங்கியிருக்கிறது.

அடுத்து இன்ஜின். குளிர்நாடுகளில் ஓடிய படகென்றால் முதல் கேள்வி, குளிர்காலத்துக்கு முன் தண்ணீரை முழுவதும் வடித்தார்களா என்பது. இன்ஜினுக்குள் நின்ற தண்ணீர் உறைந்தால் பனிக்கட்டி விரிந்து பிளாக் என்கிற இன்ஜினின் இரும்பு உடலையே பிளந்துவிடும். பிளாக்கின் வெளிப்பக்கம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் குழாய்த்தொகுதி) கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். நேர்கோடாகத் துருக் கசிவு, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட், எபாக்சி பூசிய தடம், இவற்றில் எது தெரிந்தாலும் அந்தப் படகை விட்டுவிடுங்கள்.

ஆயில் அளவுக்கம்பியை வெளியே இழுத்து ஒரு வெள்ளைத் துணியில் துடையுங்கள். தேன் நிறமோ கறுப்போ பரவாயில்லை. பாலூற்றிய காப்பி மாதிரி இருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது. கம்பியைப் பெட்ரோல் வாசனைக்கும் முகர்ந்து பாருங்கள். ஸ்டெர்ன் டிரைவ் என்றால் டிரைவின் ஆயிலையும் இதேபோல, கீழ்த் திருகை லேசாகத் தளர்த்தி, முதலில் வருவது எண்ணெயா தண்ணீரா என்று பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு மெக்கானிக்கை வைத்து கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் உண்டாகும் அழுத்தம், பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் முக்கியம். 10 சதவீதத்துக்கு மேல் போனால் காரணம் கேளுங்கள்.

பௌரைடரில் உங்கள் கண் போக வேண்டிய இடம் ரப்பர் பெல்லோஸ். டிரைவும் படகும் சேரும் இடத்தில் அக்கார்டியன் போல மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறை அது. தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். டிரைவை மேலே தூக்கி, ஸ்டியரிங்கை முழுதும் ஒரு பக்கம் திருப்பினால் மடிப்புகள் விரியும். உள்ளே டார்ச் அடியுங்கள். நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் மாற்றியே ஆக வேண்டும். அந்த உறை கிழிந்தால் முதலில் உள்ளே உள்ள பேரிங் துருப்பிடிக்கும், இன்னும் மோசமானால் துறையில் கட்டிவைத்த படகு ராத்திரியில் மூழ்கும். 250 மணி நேரமே ஓடிய படகில் "அதை இதுவரை மாற்றவே இல்லை" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

டைரக்ட் டிரைவில் பெல்லோஸ் கிடையாது. புரொப்பல்லரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஷாஃப்ட் லொடலொடவென்று ஆடக் கூடாது. ஷாஃப்ட் படகுக்குள் நுழையும் இடத்தில் பழைய வகை பேக்கிங் (தண்ணீரைத் தடுக்கும் அடைப்பு) இருந்தால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது இயல்புதான், ஓடையாக வந்தால் மட்டுமே கவலை. டைரக்ட் டிரைவின் இயந்திர அமைப்பு எளிது, வெளியே தொங்கும் பாகம் குறைவு. பத்து வருடக் கணக்கில் பார்த்தால் பராமரிப்புச் செலவில் இதுதான் கையைக் கடிக்காது.

உப்புநீர் பற்றி. வெளித் தண்ணீரை நேராக இன்ஜினுக்குள் சுற்றவிடும் படகு கடலில் ஓடியிருந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அதன் மேல் இணைந்த ரைசர் குழாயும் உள்ளுக்குள் அரித்துப் போகும். இணைப்பில் துரு வழிந்திருந்தால் அதுதான் அடையாளம். நீங்கள் எப்போதாவது கழிமுகத்துக்குப் போனால், வந்த அன்றே நல்ல தண்ணீர் விட்டு இன்ஜினைக் கழுவிவிடுங்கள்.

இவ்வளவும் கரையில். இதில் தேறினால்தான் தண்ணீரில் இறக்க வேண்டும். இறக்காமல் வாங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவது. இன்ஜின் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் குளிரில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்கிற இன்ஜின் என்று சந்தேகப்படலாம். சாவியைத் திருப்புவதற்கு முன் நான்கு நிமிடம் புளோயர், அதாவது இன்ஜின் அறைக் காற்றை வெளியே தள்ளும் விசிறி, ஓட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தங்கும், ஒரு பொறி போதும். இதே காரணத்தால் படகின் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் பொறி வெளியே வராதபடி தனியாகச் செய்யப்பட்டவை. யாராவது மலிவாகக் கார் பாகத்தை மாட்டியிருக்கிறார்களா என்று கட்டாயம் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

சோதனை ஓட்டத்துக்கு நீங்கள் மட்டும் தனியாகப் போகாதீர்கள். மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள், கயிறும் ஸ்கீயும் எடுத்துப் போங்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் துள்ளி ஓடும் படகு, ஐந்து பேரோடு ஒரு பெரியவரை ஆழத்திலிருந்து ஒற்றை ஸ்கீயில் தூக்கும்போது திணறும். 3.0 லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜின் வைத்த பௌரைடர்கள் இந்த இடத்தில்தான் தோற்கும். 4.3 லிட்டர் வி-6 சமாளிக்கும், 5.7 லிட்டர் வி-8 என்றால் கவலையே இல்லை. முழு வேகத்தில் இன்ஜின் சுற்று, தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் உடனே இன்ஜினைக் குறை சொல்ல வேண்டாம், புரொப்பல்லர் பொருந்தாததாக இருக்கலாம். பிட்ச் (புரொப்பல்லர் ஒரு சுற்றில் முன்னேறும் கணக்குத் தூரம்) ஒரு அங்குலம் குறைத்தால் சுற்று 150 முதல் 200 வரை கூடும், இழுவையும் கூடும். சுற்றி வந்ததும் இன்ஜின் பெட்டியை மறுபடி திறந்து பில்ஜை, அதாவது படகின் உள் அடிப்பகுதியைப் பாருங்கள். கிளம்பும்போது காய்ந்திருந்த இடத்தில் இப்போது தண்ணீர் நின்றால், அது எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடித்த பிறகுதான் பேரம்.

பாதுகாப்பில் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன், இதில் எனக்குச் சமரசம் கிடையாது. ஸ்டெர்ன் டிரைவிலும் அவுட்போர்டிலும் புரொப்பல்லர் படகின் கடைசியில், பிள்ளைகள் ஏறி இறங்கும் இடத்துக்கு அருகிலேயே சுற்றும். டைரக்ட் டிரைவில் அது படகின் அடியில் மறைந்திருக்கும். எதுவானாலும் ஆள் தண்ணீரிலிருந்து ஏறும்போது இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பின்மேடையில் யாரும் உட்காரவோ தொங்கவோ கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை, நிமிடக் கணக்கில் மயக்கிவிடும். ஓட்டுபவரைத் தவிர சறுக்குபவரைப் பார்த்துக்கொண்டே இருக்க இன்னொருவர் எப்போதும் படகில் வேண்டும். நீங்கள் சறுக்கும்போது மனைவி ஓட்டினால் பார்ப்பதற்குப் பெரியவர் ஒருவர் தேவைப்படும். ஆகவே ஐந்தாவது இருக்கைக்கும் இடம் பாருங்கள்.

ட்ரெய்லர் டயரில் பட்டன் தேய்மானத்தைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரத்தையும், கடைசி இரண்டு இலக்கம் வருடத்தையும் சொல்லும். படகின் பின்புறம் பொறித்த அடையாள எண்ணும் பத்திரத்தில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். படகின் மீதோ ட்ரெய்லர் மீதோ கடன் பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்த 900 மணி நேர டைரக்ட் டிரைவைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன். வீட்டில் இரண்டு பேர் சறுக்குகிறீர்கள், இரண்டு பேர் பழகப் போகிறார்கள், ஏரியும் பெரும்பாலும் அமைதியானது. தரையும் கட்டையும் தேறினால் அதையே எடுப்பேன். தேறவில்லை என்றால் விலை பாதியானாலும் வேண்டாம். அப்போது பௌரைடருக்கு வாருங்கள், ஆனால் இன்ஜின் 4.3 லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், பெல்லோஸ் மாற்றும் செலவைக் கழித்துப் பேசுங்கள். இன்னும் சில மாதம் பொறுக்க முடியும் என்றால், முன்பக்கம் திறந்த டைரக்ட் டிரைவ் மாடல்களும் வந்திருக்கின்றன. பிள்ளைகளுக்கு அந்த முன் இருக்கையும் உங்களுக்கு அந்தச் சின்ன அலையும் ஒன்றாகக் கிடைக்கும்.

பார்க்கப் போகும் நாளில் டார்ச், சிறு சுத்தியல், வெள்ளைத் துணி, ஒரு ஸ்பேனர் செட் எடுத்துக்கொள்ளுங்கள். "நான் வருவதற்கு முன் இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள்" என்று விற்பவரிடம் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள்.